ஏழு நிமிடம், மூன்றே முக்கால் ரவுண்டு



செமஸ்டர் லீவு முடிஞ்சு திரும்பினதும் நம்ம கிரவுண்டுல புதுசா ஒரு கூட்டம் ஓட ஆரம்பிக்கும். பாதிப் பேர் தொப்பையைக் குறைக்க, மீதிப் பேர் போலீஸ், ஆர்மி செலக்‌ஷனுக்கு. மூணாவது வாரம் போய்ப் பார்த்தா கிரவுண்டு பழையபடி கிரிக்கெட் டீம் கையில இருக்கும். ஓட்டத்தை விட்டவங்களைக் கேட்டா, "எனக்கு ஸ்டாமினா இல்ல மச்சி" என்று ஒரே பதில்தான் வரும். ஸ்டாமினா இல்லாதது உண்மையா இருக்கலாம். ஆனா அதை வளர்க்க அவங்க ஓடின விதம்தான் அவங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கு.

பொதுவாப் பேசாம ஒரு இலக்கை வச்சுப் பார்க்கலாம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், எழுத்துத் தேர்வைத் தாண்டிய ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கணும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. பி.இ. படிச்சவங்க நிறையப் பேர் இந்தத் தேர்வு எழுதுறாங்க. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கிட்டு, கிரவுண்டில் 7 நிமிடம் 15 விநாடியில் வந்து நிக்கறவனோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பல மாசப் படிப்பு, பதினஞ்சு விநாடியில் போச்சு.

கணக்கு எளிமையானதுதான். 400 மீட்டர் டிராக்கில் 1500 மீட்டர் என்றால் மூன்றே முக்கால் ரவுண்டு. 420 விநாடியை 3.75 ஆல் வகுத்தா ஒரு ரவுண்டுக்கு 112 விநாடி. மணிக்கு 13 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அதாவது சைக்கிளை நிதானமா மிதிக்கிற வேகம். நல்ல உடம்பு உள்ள இருபது வயசுப் பையன் யாராலயும் இந்த வேகத்தில் ஒரு ரவுண்டு ஓட முடியும். பிரச்சினை வேகத்தில் இல்லை, அதே வேகத்தில் மீதி ரெண்டே முக்கால் ரவுண்டையும் ஓடுறதில்தான் இருக்கு.

ஏன் முடியலை? தசைக்குச் சக்தி ரெண்டு வழியில் வருது. ஒண்ணு ஆக்சிஜனை வச்சு எரிக்கிற வழி. இது மெதுவாத்தான் சூடு பிடிக்கும், ஆனா மணிக்கணக்கா ஓடும். இன்னொண்ணு ஆக்சிஜனுக்குக் காத்திருக்காம குளுக்கோஸை அவசரமா உடைக்கிற வழி. ஸ்டார்ட் எடுத்ததும் பாயறதுக்கு இதுதான் கைகொடுக்குது. ஆனா இதை அதிகமா நம்பினா ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்திலேயே தசைக்குள்ள அமிலத்தன்மை ஏறி, காலில் ஈயம் ஊத்தின மாதிரி ஆயிடும். இன்வெர்ட்டரில் ஏ.சி. போட்ட கதைதான். 1500 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் முதல் வழியில், அதாவது ஆக்சிஜன் வழியில்தான் வரணும். புதுசா ஓடறவனுக்கு அந்த வழி இன்னும் ஒத்தையடிப் பாதையாத்தான் இருக்கு. அதை அகலப்படுத்தறதுதான் பயிற்சி.

அகலப்படுத்தறதுன்னா என்ன? இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுற ரத்தத்தின் அளவு கூடணும். தசை நாரைச் சுத்தியிருக்கிற தந்துகிகள் பெருகணும். செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கையிலும் அளவிலும் வளரணும். பள்ளியில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று ஒரு மார்க்குக்குப் படிச்சு விட்டோமே, அதேதான். இந்த மூணும் நடக்க உடம்புக்கு வேண்டியது நிறைய நேரம் ஓடுறது. நிறைய நேரம் ஓடணும்னா மெதுவா ஓடியாகணும். வேற வழி கிடையாது.

மெதுவான்னா எவ்வளவு மெதுவா? பக்கத்தில் ஓடறவன்கிட்ட முழு வாக்கியமாப் பேசிக்கிட்டே ஓட முடியணும். "நேத்து மெஸ்ல என்ன சாப்பாடு, அந்தச் சாம்பாரைப் பத்தி யார்கிட்ட சொல்றது" என்று ஒரே மூச்சில் கேக்க முடிஞ்சா சரியான வேகம். "நேத்து... மெஸ்ல..." என்று இழுத்தா வேகம் அதிகம். இந்தச் சோதனைக்கு வாட்ச் வேண்டாம், ஆப் வேண்டாம். ஆரம்பத்தில் இது கிட்டத்தட்ட நடை வேகமாவே இருக்கும். பக்கத்தில் வாக்கிங் போற புரொபசர் உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும்.

மெதுவா ஓடினா எப்படி வேகம் வரும் என்ற சந்தேகம் நியாயமானது. 1950-களில் நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்பவரை மத்த பயிற்சியாளர்களும் இதையேதான் கேட்டாங்க. ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். விளையாட்டு அறிவியல் பட்டமெல்லாம் கிடையாது. எவ்வளவு ஓடினா உடம்பு தேறுது, எவ்வளவு ஓடினா உடையுது என்று வருஷக்கணக்கா தன் உடம்பிலேயே சோதிச்சுப் பார்த்தார். பிறகு தன் பகுதிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சார். அதில் ஒருத்தர் பீட்டர் ஸ்னெல், 800 மீட்டர் ஓட்டக்காரர். பந்தயம் ரெண்டு நிமிடத்துக்குள் முடிஞ்சிடும். அவரை லிடியார்ட் ஞாயிற்றுக்கிழமைதோறும் மேடும் பள்ளமுமான பாதையில் 35 கிலோமீட்டர் ஓட வச்சார். ரெண்டு நிமிட ஓட்டத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கும் மேல பயிற்சியான்னு சிரிச்சவங்க உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே நாள், ஒரு மணி நேரத்துக்குள்ள, லிடியார்டின் இன்னொரு பையன் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வாங்கினார். 1964 டோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 ரெண்டையும் ஜெயிச்சார்.

லிடியார்டின் இன்னொரு வேலை நமக்கு இன்னும் நெருக்கமானது. நடுவயசைத் தாண்டினவங்களையும் இதய நோய் வந்தவங்களையும் சேர்த்து, பேசிக்கிட்டே மெதுவா ஓடுற ஒரு கிளப் ஆக்லாந்தில் உருவாகக் காரணமா இருந்தார். அதைப் பார்க்க 1962 கடைசியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் போனார். பின்னாடி நைக்கி கம்பெனியைத் தொடங்கின ரெண்டு பேரில் ஒருத்தர். அந்தக் கூட்டத்தோட ஓடினப்ப, மாரடைப்பில் பிழைச்ச, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியாம அவர் திணறிப் போனார். ஊருக்குத் திரும்பி 1967-இல் 'ஜாகிங்' என்ற பெயரில் புத்தகம் போட்டார். இன்னிக்கு பீச் ரோட்டில் அங்கிள்கள் செய்யறதுக்கெல்லாம் மூலம் அங்கேதான் இருக்கு.

சரி, உங்க பயிற்சிக்கு வருவோம். பத்து வாரம் கையில் இருக்குன்னு வச்சுக்குவோம். வாரத்துக்கு நாலு நாள் போதும், தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல் ஓட வேண்டாம். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ரெண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து தடவை. அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும். "இவ்வளவுதானா?" என்று தோணும். தோணட்டும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் ஓடணும் என்ற ஆசையோட வீட்டுக்குப் போறதுதான் சரியான முதல் வாரம். அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டம் ரெண்டு நிமிடம், மூணு நிமிடம், அஞ்சு நிமிடம் என்று கூடும். நடை ஒரு நிமிடமாக் குறையும். அஞ்சாவது அல்லது ஆறாவது வாரத்தில் நிக்காம இருபது, இருபத்தஞ்சு நிமிடம் ஓடிடுவீங்க. ஒரு வாரப் பாடம் கஷ்டமா இருந்தா அதையே திரும்ப ஒரு வாரம் ஓடுங்க. அரியர் எழுதற மாதிரிதான், வெக்கப்பட ஒண்ணும் இல்லை.

இவ்வளவு பொறுமை எதுக்குன்னா, காரணம் மூச்சில் இல்லை, எலும்பில் இருக்கு. மெக்கானிக்கல் மாணவர்களுக்கு உடனே புரியும், இது ஃபெட்டீக் லோடிங். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் தரை நம்மைத் திருப்பி உதைக்கிற விசை உடல் எடையைப் போல ரெண்டு முதல் மூணு மடங்கு. 60 கிலோ ஆளுக்கு 120 முதல் 180 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி என்று வச்சா, முப்பது நிமிடத்தில் 4800 அடி. ஒரு காலுக்கு 2400 சுழற்சி. ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது, திரும்பத் திரும்ப வரும்போதுதான் விரிசல் விழும். ஆனா இரும்புக் கம்பிக்கும் எலும்புக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. எலும்பு தன்னைத்தானே பழுதுபார்த்துக்கும். பழுது பார்க்கிற முறைதான் சிக்கல். பழைய எலும்பை முதல்ல அரிச்சு எடுத்துட்டு, அப்புறம்தான் புதுசா நிரப்பும். வீட்டுக்கு மராமத்து பார்க்கும்போது முதல்ல சுவரை இடிக்கிற மாதிரி. நடுவில் சில வாரங்கள் அந்த இடம் முன்னைவிடப் பலவீனமா இருக்கும். ஒரு சுற்று முழுசா முடிய மூணு, நாலு மாசம்கூட ஆகும். மூச்சோ ரெண்டு, மூணு வாரத்திலேயே தேறிடும். "மூச்சு வாங்கலையே, இன்னும் ஓடலாமே" என்று தூரத்தை ரெண்டு மடங்காக்குறது சரியா அந்தப் பலவீனமான நேரத்தில்தான். மூணாவது வாரம் கிரவுண்டு காலியாகிற ரகசியம் இதுதான். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்பக்க எலும்போட உள் ஓரத்தில் வர்ற வலி.

அந்த வலி எலும்பு நெடுக இழுத்தாப்பல பரவலா இருந்தா சில நாள் நிறுத்தி, ஐஸ் வச்சு, குறைஞ்சதும் கொஞ்சமா ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு புள்ளியில், விரல் வச்சு அழுத்தினா உயிர் போற மாதிரி வலிச்சாலோ, சும்மா நடக்கும்போதும் ராத்திரியிலும் வலிச்சாலோ எலும்பு மருத்துவர்கிட்ட போங்க. வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வலி என்பது சென்சார். ஒயரைப் பிடுங்கிட்டா ஃபால்ட் சரியாயிடாது.

மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் வர்ற வலி வேற வகை. அதை லாக்டிக் ஆசிட் தேங்கி நிக்குதுன்னு சொல்வாங்க. அது தப்பு. ஓட்டத்தில் சேர்ந்த லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள்ளயே கிட்டத்தட்ட வடிஞ்சிடும். மறுநாள் வலி தசை நாரில் விழுந்த நுண்ணிய கிழிசலால் வர்றது. ரெண்டு, மூணு நாளில் தானே போயிடும். அதே மாதிரி "வாயை மூடிக்கிட்டு மூக்கால மட்டும் மூச்சு விடு" என்ற அறிவுரையும் வேகமா ஓடும்போது உதவாது. வாய், மூக்கு ரெண்டும் திறந்தே இருக்கட்டும். காற்று உள்ளே போகணும், அவ்வளவுதான்.

இருபது நிமிடம் நிக்காம ஓட வந்தப்புறம்தான் வேகப் பயிற்சி. அதுவும் வாரத்தில் ஒரே ஒரு நாள். மீதி மூணு நாளும் பழைய பேச்சு வேகம்தான்.

வேகத்துக்குப் பழைய வழி, ஓட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி நடுவில் ஓய்வு கொடுத்து ஓடுறது. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜட்டோபெக் இதில் பேர் போனவர். 400 மீட்டர் துண்டுகளை ஒரே நாளில் டஜன் கணக்கில் ஓடுவார். 1952 ஹெல்சிங்கியில் 5000, 10,000 ரெண்டிலும் தங்கம் வாங்கிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையா மாரத்தான் ஓடி அதிலும் தங்கம் வாங்கினார். ஆனா நம்மளை மாதிரி நேரமில்லாத மாணவங்களுக்குச் சரியான உதாரணம் ரோஜர் பேனிஸ்டர்தான். லண்டனில் மருத்துவ மாணவர். வார்டு வேலைக்கு நடுவில் மதிய இடைவேளையில்தான் அவருக்குப் பயிற்சி. 440 கெஜத்தை, அதாவது ஏறத்தாழ நம்ம ஒரு ரவுண்டை, ரெண்டு நிமிட ஓய்வு விட்டுப் பத்து தடவை ஓடுவார். 1953 டிசம்பரில் ஒரு ரவுண்டுக்கு 66 விநாடி. மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு 61-க்கு வந்தார். அங்கே சிக்கிக்கிட்டது, என்ன செஞ்சும் இறங்கலை. ஓட்டத்தை மூட்டை கட்டிட்டு நண்பரோட ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போயிட்டார். சில நாள் ஓட்டமே இல்லை. திரும்பி வந்து ஓடினா 59. 1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். 4 நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடின முதல் மனுஷன். உடம்பு தேறுறது ஓடும்போது இல்லை, ஓடாம இருக்கும்போதுதான்னு இதைவிட நல்லா யாரும் நிரூபிக்கலை. இன்டர்னல்ஸ் வாரத்தில் ராத்திரி முழுக்கக் கண் விழிச்சுட்டு காலையில் வேகப் பயிற்சி ஓடுறது சுத்த வீண். அன்னிக்குத் தூங்குங்க.

நமக்கு 59 வேண்டாம், 112 போதும். ஆறாவது வாரம் 200 மீட்டரை 54, 55 விநாடியில் ஆறு தடவை ஓடுங்க, நடுவில் 200 மீட்டர் நடை. ஏழு, எட்டாவது வாரம் 400 மீட்டரை 108-இலிருந்து 110 விநாடிக்குள் நாலு தடவை, நடுவில் ரெண்டரை நிமிட ஓய்வு. ஒன்பதாவது வாரம் அதே நாலு, ஓய்வு மட்டும் ஒன்றரை நிமிடம். கவனிக்க வேண்டியது, நாலாவது துண்டும் முதல் துண்டும் ஒரே நேரத்தில் முடியணும். முதல் ரவுண்டு 90, கடைசி ரவுண்டு 130 என்றால் நீங்க ஓட்டம் பழகலை, களைச்சுப் போறதைத்தான் பழகறீங்க. பத்தாவது வாரம் பாதியாக் குறைச்சிடுங்க. கடைசி நாலு நாளில் புதுசா எந்தப் பலமும் வந்துடாது, களைப்பு மட்டும்தான் சேரும். தோழிகளுக்கு, உங்க 400 மீட்டருக்கும் இதே பயிற்சிதான், 100, 200 மீட்டர் துண்டுகளா. உங்களுக்கு இருக்கிற உண்மையான தடை உடம்பு இல்லை, ஹாஸ்டல் கேட் திறக்கிற நேரமும், போனா கிரவுண்டில் இடம் கிடைக்காததும்தான். அதை நாலஞ்சு பேரா சேர்ந்து போய்க் கேட்டாத்தான் நகரும். இன்னொண்ணு, எவ்வளவு பழகியும் களைப்பு போகலைன்னா ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துடுங்க. நம்ம ஊரில் பெண்களுக்கு ரத்தசோகை சாதாரணமா இருக்கு. அதை வச்சுக்கிட்டு ஆக்சிஜன் வழியை அகலப்படுத்த முடியாது.

சாப்பாட்டுக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம். விடியக்காலையில் ஒரு வாழைப்பழம், தண்ணி. ஓடிட்டு வந்து மெஸ்ஸில் கிடைக்கிறதோட முட்டை, சுண்டல், வேர்க்கடலை ஏதாவது ஒண்ணு. டப்பா பவுடர் இல்லாமலே 7 நிமிடம் வரும். ஷூ விலையைவிட அளவு முக்கியம், கட்டை விரலுக்கு முன்னாடி ஒரு விரல் இடம் இருக்கணும். கிரிக்கெட் ஷூ, கான்வாஸ் ஷூ வேண்டாம்.

வெயிலை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. சென்னை மாதிரி கடலோர ஊரில் காலையிலேயே காற்றில் ஈரம் நிறைஞ்சிருக்கும். வேர்வை வழியும், ஆனா காயாது. காஞ்சாத்தான் உடம்பு குளிரும். அதனால் ஏப்ரல், மே மாசம் வாட்சைப் பார்க்காம மூச்சை வச்சு வேகத்தை முடிவு பண்ணுங்க. ஓட்டத்துக்கு நடுவில் சிலிர்ப்பு, தலைசுத்தல், மனசு குழம்பற மாதிரி இருந்தா உடனே நிறுத்தி நிழலுக்குப் போய், தலையிலும் உடம்பிலும் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது, வைரஸ் இதயத் தசையையும் தொட்டிருக்கலாம். ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், அல்லது குடும்பத்தில் சின்ன வயசில் திடீர் மரணம் இருந்தா டாக்டரைப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

இப்போ தேர்வு நாள். விசில் அடிச்சதும் கூட்டம் மொத்தமும் குதிரை மாதிரிப் பாயும். முதல் ரவுண்டை 80 விநாடியில் முடிப்பாங்க. 80 விநாடின்னா 1500 மீட்டரை 5 நிமிடத்தில் முடிக்கிற வேகம். அவங்க யாரும் 5 நிமிட ஆட்கள் இல்லை. ரெண்டாவது ரவுண்டில் அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவாங்க. நீங்க கடைசி ஆளா வந்தாலும் பரவாயில்லை, முதல் ரவுண்டு 108, 110. இது சொல்ல லேசு, முன்னாடி முப்பது பேர் ஓடும்போது காலை இழுத்துப் பிடிக்கறது கஷ்டம். அதுக்குத்தான் அந்த 400 மீட்டர் துண்டுகள், உடம்புக்கு 110 எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கணும். கூடியவரை உள் கோட்டை ஒட்டியே ஓடுங்க. ஒரு லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே தள்ளினா ரவுண்டுக்கு இரண்டு பை பெருக்கல் 1.22, அதாவது ஏறத்தாழ 7.7 மீட்டர் அதிகம். நாலாவது லேனிலேயே முழுக்க ஓடினா மொத்தம் 86 மீட்டர் கூடுதல். நம்ம வேகத்தில் அது 24 விநாடி. ஆளைத் தாண்டறதுன்னா வளைவில் வேண்டாம், நேர்ப் பாதையில் தாண்டுங்க.

ரெண்டாவது ரவுண்டில் ஆட்கள் நடக்க ஆரம்பிப்பாங்க, அவங்களைப் பார்க்காதீங்க. மூணாவது ரவுண்டுதான் ரொம்ப நீளமாத் தெரியும், அதில் கையை வேகமா வீசினா கால் பின்னாடியே வரும். மூணு ரவுண்டு முடியும்போது வாட்சில் 5 நிமிடம் 36 விநாடிக்குள் இருந்தா, மீதி 300 மீட்டருக்கு 84 விநாடி கையில் இருக்கு. கோட்டைத் தாண்டினதும் அப்படியே உட்காராதீங்க, படுக்காதீங்க. ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். ரெண்டு நிமிடம் மெதுவா நடந்துட்டு, அப்புறம் தண்ணி குடிங்க.